நம்பாதவருக்குத் தெரியாமலே போவது

கேள்வி: எனக்கு வயது 47. உதிரி பாகங்கள் மொத்த வியாபாரம் செய்கிறேன். கிடங்கில் 11 பேர் வேலை பார்க்கிறார்கள். 12 வருடங்களுக்கு முன், சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த நண்பன், என் கூட்டாளியாக இருந்தவன், கணக்கில் கைவைத்து என்னைப் பெரிய கடனில் தள்ளிவிட்டுப் போனான். கணக்கு முழுவதையும் அவனிடம்தான் விட்டிருந்தேன். அன்றைக்கு ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகிவிட்டது: சந்தர்ப்பம் கிடைத்தால் எவனும் எடுப்பான். இன்று கிடங்கில் 9 கேமராக்கள் இருக்கின்றன. சாயங்காலம் வெளியே போகும்போது எல்லோருடைய பையையும் பார்த்துத்தான் அனுப்புகிறேன். சாவி என்னிடம் மட்டும். வீட்டில் 16 வயது மகளின் கைபேசியை ராத்திரி வாங்கிப் பார்ப்பேன். போன மாதம் அவள் எனக்குத் தெரியாமல் இன்னொரு கணக்கு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, ‘நான் உண்மையா இருந்தப்பவும் நீங்க பார்த்தீங்களேப்பா’ என்றாள். என் மனைவி எனக்கு நேர் எதிர். எல்லோரும் நல்லவர்கள் என்பாள், யார் கேட்டாலும் கொடுப்பாள். என்னால்தான் பெண் இப்படி ஆகிவிட்டாள் என்கிறாள். நான் மனிதர்களை உள்ளபடி பார்க்கிறேன், அவள் தன் ஆசைப்படி பார்க்கிறாள் என்பது என் எண்ணம். மனித இயல்பு என்று ஒன்று உண்டா, இல்லையா? நான் பார்ப்பது தவறா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் உங்கள் மகள் சொன்ன அந்த வரியில் வந்து நின்றுவிட்டேன். உங்களுக்கு அது ஒரு சாக்காகத் தோன்றியிருக்கலாம். பல வருடங்களாகக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி வருகிற எனக்கு, ஒரு பதினாறு வயதுப் பெண் தன் நிலையை இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது என்று படுகிறது. அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு கணக்கு வைத்திருந்தது தப்புதான். ஆனால் நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கான பதில் அவளுடைய அந்த வரிக்குள் இருக்கிறது. அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நண்பரைப் பற்றி. பணம் போனதை எழுதியிருக்கிறீர்கள். நண்பர் போனதை எழுதவில்லை. சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த ஒருவர் ஒரே நாளில் இல்லாமல் போவது, ஒரு சாவுக்குச் சமமான இழப்பு. சாவுக்காவது நாலு பேர் வந்து துக்கம் விசாரிப்பார்கள். ஏமாந்தவரிடம் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. ‘முன்னாடியே பார்த்திருக்க வேண்டாமா’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விதான் ஆளைக் கொல்லும்.

அதற்குப் பதில் தேடும்போது மனம் இரண்டு வழிகளில் ஒன்றில் போகும். ‘அவன் அப்படிப்பட்டவன், நான் கவனிக்கவில்லை’ என்பது ஒன்று. ‘மனுஷனே அப்படித்தான்’ என்பது இன்னொன்று. முதலாவதில் உங்கள் பிழைக்கும் ஒரு பங்கு வருகிறது, அதனால் வலிக்கிறது. இரண்டாவது அந்த வலியை மழுங்கடித்துவிடுகிறது. எல்லோரும் இப்படித்தான் என்று ஆகிவிட்டால் நீங்கள் ஏமாளி இல்லை, உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதே கதிதான். அந்த நண்பரும்கூடத் தனியாகக் கெட்டவர் இல்லை, மனிதர்களில் ஒருவர், அவ்வளவே. மனித இயல்பைப் பற்றி உங்களிடம் இருக்கும் அந்த உறுதியான முடிவு பிறந்தது அந்தக் காயத்தைக் கட்டிய துணியில் என்று நான் நினைக்கிறேன். 12 வருடமாகக் கட்டு அவிழ்க்கப்படவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. மனித இயல்பு நல்லதா கெட்டதா என்று மனிதர்கள் வெகுகாலமாக வாதாடி வருகிறார்கள். கிணற்றில் விழப்போகிற குழந்தையைப் பார்த்தால் எவருடைய நெஞ்சும் பதறும், அந்தப் பதற்றமே நன்மையின் முளை என்றார் கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் வாழ்ந்த மென்சியஸ். அதே மரபில் அவருக்குச் சற்றுப் பின்னால் வந்த சூன்சி, இயல்பு கெட்டதுதான், நல்லதெல்லாம் பயிற்சியால் வருவது என்று மறுத்தார். 1651-ல் இங்கிலாந்தின் தாமஸ் ஹாப்ஸ் உங்கள் கட்சியைப் பேசினார். அவர் காட்டிய சான்று உங்களுக்குப் பிடிக்கும்: தூங்கப்போகும்போது கதவைத் தாழிடுகிறாய், வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாய், அப்படியென்றால் உன் சொந்தப் பிள்ளைகளைப் பற்றியே நீ என்ன நினைக்கிறாய் என்று வாசகரைப் பார்த்துக் கேட்கிறார்.

பெரிய மூளை, சந்தேகமில்லை. இருந்தாலும் இந்தச் சான்றை என்னால் ஏற்க முடியவில்லை. பூட்டைப் பார்த்தால் பூட்டியவரின் பயம் தெரிகிறது. அந்தப் பிள்ளைகள் எப்படிப்பட்டவர்கள் என்பது அதிலிருந்து தெரிவதில்லை. பெட்டி திறந்து கிடந்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பது, பூட்டியிருக்கும்வரை யாருக்கும் தெரியப் போவதில்லை.

‘சந்தர்ப்பம் கிடைத்தால் எவனும் எடுப்பான்’ என்பது சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்று. சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 40 நாடுகளில் 355 நகரங்களில், 17,000-க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2019-ல் வெளியாயின. வங்கி, விடுதி, தபால் நிலையம் போன்ற இடங்களில் முன்னால் இருப்பவரிடம் போய், ‘இது தெருவில் கிடந்தது, உரியவரிடம் சேர்த்துவிடுங்கள், எனக்கு அவசரம்’ என்று பர்ஸைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். சில பர்ஸ்களில் பணம் இருக்கும், சிலவற்றில் இருக்காது. உரியவரின் மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றிலும் இருக்கும். கேமரா, ரசீது, சாட்சி எதுவும் கிடையாது என்றே வாங்கியவர் நினைத்திருப்பார். நீங்கள் சொல்கிற அதே சந்தர்ப்பம்.

பணமில்லாத பர்ஸ்களில் 40 சதவீதம் பற்றி உரியவருக்குத் தகவல் வந்தது. பணம் இருந்தவற்றில் 51 சதவீதம். பணம் இருந்தால் திரும்புவது குறையும் என்றுதான் பொதுமக்கள் கணித்திருந்தார்கள். பொருளாதார நிபுணர்களும் அது கூடும் என்று எதிர்பார்க்கவில்லை. 40 நாடுகளில் 38-ல் அது கூடியது. மூன்று நாடுகளில் பணத்தைப் பல மடங்கு ஆக்கிப் பார்த்தபோது 72 சதவீதத்துக்கு ஏறியது.

பாதிப்பேர் திருப்பவில்லையே என்பீர்கள். உண்மை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் பணமே இல்லாத பர்ஸ்களில் 60 சதவீதம் திரும்பவில்லை என்பதைச் சேர்த்து யோசியுங்கள். அதில் எடுப்பதற்கு என்ன இருந்தது? அசிரத்தை, மறதி, ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது, அவ்வளவுதான். மனிதர்களிடம் நான் அதிகம் பார்ப்பதும் அதைத்தான். இன்னொரு சின்ன விஷயம் என் மனதில் தங்கிவிட்டது. பர்ஸுக்குள் ஒரு சாவியையும் போட்டு வைத்திருந்தார்கள். சாவி இருந்தவை, இல்லாதவற்றைவிட அதிகமாகத் திரும்பின. சாவி தொலைத்தவருக்கு மட்டுமே உதவும் பொருள், எடுத்தவருக்கு அதனால் எந்த லாபமும் இல்லை. முகம் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் தவித்து நிற்பாரே என்று எங்கோ ஒரு மேஜைக்குப் பின்னால் இருந்த யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் உங்களைப் போன்ற அறிவாளி, அனுபவசாலி, 12 வருடமாக ஏன் வேறு மாதிரி பார்க்கிறீர்கள்? இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது, தயவுசெய்து இந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள்.

ஒருவரை நம்புகிறீர்கள், அவர் ஏமாற்றுகிறார். உடனே தெரிந்துவிடும், உயிர் உள்ளவரை மறக்காது. ஒருவரை நம்பாமல் விடுகிறீர்கள், நம்பியிருந்தால் அவர் நேர்மையாக நடந்திருப்பார். இது உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லை. நம்பியது தவறு என்றால் உலகம் உங்கள் கன்னத்தில் அறைந்து சொல்கிறது. நம்பாதது தவறு என்றால் உலகம் வாயே திறப்பதில்லை. இப்படி ஒரு காது மட்டும் கேட்கிற நிலையில் எத்தனை வருடம் அனுபவம் சேர்த்தாலும் அது ஒரே பக்கமாகத்தான் சேரும்.

2010-ல் ஜெர்மனியின் ஃபெட்சன்ஹாவரும் அமெரிக்காவின் டன்னிங்கும் இதை ஒரு பண விளையாட்டில் காட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தால் அது பெருகும், அவர் பாதியைத் திருப்பித் தரலாம், முழுவதையும் வைத்துக்கொண்டும் போகலாம். எத்தனை பேர் திருப்பித் தருவார்கள் என்று கேட்டால், ஆட்டத்தில் கலந்துகொண்டவர்கள் ஏறக்குறையப் பாதி என்றார்கள். உண்மையில் திருப்பித் தந்தவர்கள் ஐந்தில் நான்கு பேர். யாரை நம்பினார்களோ அவருடைய முடிவை மட்டும் அறிந்தவர்களின் கணிப்பு அப்படியே நின்றது. நம்பாமல் விட்டவர் என்ன செய்திருப்பார் என்பதையும் சேர்த்துக் காட்டியபோதுதான் கணிப்பு உண்மையின் பக்கம் நகர்ந்தது.

உங்கள் கிடங்கில் அந்தச் செய்தி வருவதற்கு வழி இருக்கிறதா? பை சோதனையில் எதுவும் அகப்படாத ஒவ்வொரு சாயங்காலத்தையும் நீங்கள் என்னவென்று எடுத்துக்கொள்கிறீர்கள்? ‘நான் பார்ப்பதால்தான் எடுக்கவில்லை’ என்றுதானே? அகப்பட்டிருந்தால் ‘பார்த்தாயா’ என்றிருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே தீர்ப்புதான். அங்கே 11 பேர் தினமும் நேர்மையாக இருக்கிறார்கள், அந்த நேர்மை அவர்கள் கணக்கில் ஏறுவதே இல்லை. எல்லாம் கேமராவின் கணக்கில் போய்ச் சேருகிறது.

1958-லேயே ஸ்ட்ரிக்லேண்ட் என்ற உளவியலாளர் இதைச் செய்து காட்டிவிட்டார். மேற்பார்வை செய்பவருக்கு இரண்டு பணியாளர்கள். ஆய்வின் ஏற்பாட்டால், ஒருவரை அடிக்கடி சோதிக்க வேண்டியிருந்தது, மற்றவரை எப்போதாவது மட்டும். இரண்டு பேரும் ஒரே அளவு வேலை செய்து முடித்தார்கள். அதன் பிறகு யாரை வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்று சுதந்திரம் கொடுத்தபோது, மேற்பார்வையாளர்கள் முன்பு அடிக்கடி சோதித்தவரையே மறுபடியும் சோதிக்கப் போனார்கள். எப்போதாவது பார்க்கப்பட்டவர் நம்பிக்கைக்குரியவர் ஆகியிருந்தார், அடிக்கடி பார்க்கப்பட்டவர் பார்க்க வேண்டியவர் ஆகியிருந்தார். இத்தனைக்கும் அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. சந்தேகம் இருப்பதால் கண்காணிக்கிறோம் என்று நினைக்கிறோம், கண்காணிப்பதாலேயே சந்தேகம் வளர்கிறது. இப்போது உங்கள் மகளின் வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

கேமராக்களைப் பற்றி இன்னும் ஒன்று. மனிதர்கள் மோசம் என்பதற்கு உலகமே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் ராத்திரியில் வீட்டுக்கு அருகிலேயே குத்திக் கொல்லப்பட்டார். 38 பேர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் அசையவில்லை என்று பத்திரிகை எழுதியது. அரை நூற்றாண்டு அது உளவியல் வகுப்புகளில் பாடமாக இருந்தது. எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். பின்னால் தோண்டிப் பார்த்தபோது முழுச் சம்பவத்தையும் பார்த்த 38 பேர் என்று யாரும் இல்லை. பெரும்பாலோர் கேட்டது ஏதோ ஒரு சத்தத்தை மட்டும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் இறங்கி ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கைகளில் தாங்கியிருக்கிறார். கொலையாளி சிறையில் இறந்த 2016-ல், செய்தியை வெளியிட்ட பத்திரிகையே தன் பழைய செய்தி பிழையானது என்று ஒப்புக்கொண்டது.

இன்று தெருவெல்லாம் சிசிடிவி இருக்கிறதல்லவா, கேமராவே சொல்லட்டும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப்டவுன் ஆகிய மூன்று ஊர்களில் பொது இடங்களில் நடந்த 219 தகராறுகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில், வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவராவது தலையிட்டு விலக்கியிருந்தார். பெரும்பாலும் ஒருவர் மட்டும் அல்ல, பலர். நீங்களும் உங்கள் 9 கேமராக்களின் பதிவைப் பல வருடமாகப் பார்க்கிறீர்கள். திருட்டைத் தேடிப் பார்க்கிறீர்கள். ஒருவர் தூக்க முடியாத பெட்டிக்கு இன்னொருவர் தானாக வந்து கைகொடுப்பதும் அதில் பதிவாகியிருக்கும். அதைத் தேடி யாரும் ஓடவிட்டுப் பார்ப்பதில்லை.

மனித இயல்பைப் பற்றி நாம் வைத்திருக்கிற முடிவு எப்படிக் கண்ணை மறைக்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பெண் தன் 9 வயது மகனை அழைத்துக்கொண்டு வாராவாரம் வருவார். வாராவாரம் 20, 25 நிமிடம் தாமதம். மூச்சு வாங்க உட்காருவார், மன்னிப்புக் கேட்பார், காரணம் சொல்ல மாட்டார். இரண்டாவது வாரமே அவருடைய கோப்பில் ‘அக்கறை இல்லை’ என்று எழுதினேன். எழுதிய பிறகு என் பேச்சு மாறியது. கேள்விகள் சுருங்கின, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான்காவது வாரம் ‘ஒத்துழைப்பும் இல்லை’ என்று சேர்த்து எழுதினேன்.

ஐந்தாவது வாரம், அவர் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில், பையன் எதிரில் இருந்த நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்: ‘தாத்தா எந்திரிக்க மாட்டாரு. அம்மா அவரைக் குளிப்பாட்டி, துணி மாத்திட்டுதான் வரும். இன்னைக்கு ரெண்டு தடவை மாத்த வேண்டியதாப் போச்சு.’ அந்தப் பெண்ணின் உடையில் கைப்பகுதியின் ஓரம் ஒவ்வொரு வாரமும் ஈரமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து வாரமும் என் கண்ணில் பட்டது, ஒரு வாரம்கூட மனதில் படவில்லை. ஏனென்றால் அவர் எப்படிப்பட்டவர் என்பதை நான் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தேன்.

மற்றவர் செய்கையைப் பார்க்கும்போது அவருடைய சூழ்நிலையை விட்டுவிட்டு, ‘அவர் குணமே அப்படி’ என்று தீர்ப்பெழுதும் இந்தப் பழக்கத்துக்கு லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-ல் ‘அடிப்படைக் காரணப் பிழை’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். எனக்கு அந்தப் பெயர் அன்றைக்கும் மனப்பாடம். அந்தக் கோப்பின் பக்கத்தை இன்னும் என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

நம் மொழியில் இந்த முடிவுகளெல்லாம் பழமொழிகளாகவே புழங்குகின்றன, அதனால்தான் அவை முடிவுகள் என்றே தெரிவதில்லை. ‘தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா’ என்று ஒருவர் சொன்னால், கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறோம். யாரும் ‘எத்தனை பேரைப் பார்த்தீர்கள்’ என்று கேட்பதில்லை. ‘அடியாத மாடு படியாது’ என்பது ஒரு முழு நிர்வாகக் கொள்கை. 1960-ல் டக்ளஸ் மெக்ரெகர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதையேதான் விரித்து எழுதினார். மனிதர்களுக்கு இயல்பாகவே வேலை பிடிக்காது என்று நினைக்கும் முதலாளி விரட்டுவார், மிரட்டுவார். விரட்டப்பட்டவர் சொன்னதை மட்டும் செய்வார். ‘பார்த்தீர்களா, விரட்டினால்தான் வேலை நடக்கிறது’ என்று முதலாளி முடித்துவிடுவார். ஆய்வுக்கூடத்திலும் இதே கதைதான்: 2006-ல் வெளியான ஃபால்க், கோஸ்ஃபெல்ட் ஆய்வில், ‘குறைந்தது இவ்வளவாவது தர வேண்டும்’ என்று கட்டாயப்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர், விருப்பத்துக்கு விடப்பட்டபோது தந்ததைவிடக் குறைவாகவே தந்தார்கள். தங்களை நம்பவில்லை என்பது அவர்களுக்கு உறைத்துவிட்டது.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. ‘எவனும் எடுப்பான்’ என்ற அந்த ‘எவனும்’ என்பதில் நீங்கள் இருக்கிறீர்களா? இருந்திருக்க மாட்டீர்கள். கடனில் தள்ளப்பட்டும் ஓடிப்போகாமல் நின்றிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் இன்று அந்தக் கிடங்கு இருக்காது. மற்றவர்கள் சுயநலத்துக்காக வேலை செய்கிறார்கள், நான் மட்டும் வேறு காரணத்துக்காகச் செய்கிறேன் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் 11 பேரும்கூடத் தங்களைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டு, சாயங்காலம் பையைத் திறந்து காட்டுகிறார்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘எல்லோரும் நல்லவர்கள்’ என்பதும் ஆளைப் பார்க்காமலே எடுத்த முடிவுதான். அவர் கேட்பவரைப் பார்ப்பதில்லை, நீங்கள் எதிரில் நிற்பவரைப் பார்ப்பதில்லை. உங்கள் இருவருக்கும் நடப்பது பெண்ணைப் பற்றிய சண்டை என்று நினைக்கிறீர்கள். அவள் உண்மையில் எப்படிப்பட்டவள் என்று இருவரில் யாராவது அவளைக் கேட்டீர்களா என்பதுதான் என் சந்தேகம்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். நாளைக் காலையில் கேமராக்களைக் கழற்றிவிட்டுச் சாவியை மேஜையில் போட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த நண்பரிடம் அன்று நீங்கள் குறைத்தது சந்தேகத்தை என்று நினைக்கிறீர்கள். உண்மையில் இல்லாமல் போனது கணக்குத் தணிக்கை. கணக்கை வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் பார்த்திருந்தால், ஒருவேளை நட்பும் பிழைத்திருக்கும். ஆளைப் பார்ப்பதற்கும் பொருளை எண்ணுவதற்கும் வித்தியாசம் உண்டு. வாரம் ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து ஸ்டாக்கை எண்ணி, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எழுதி வைக்கட்டும். அந்த எண்ணிக்கை உங்களுக்கும் சேர்த்துத்தான், நீங்கள் எடுக்கும் பொருளும் அதில் வரவேண்டும். பொருள் வந்துபோகும் வாசலில் கேமரா இருக்கட்டும். அவர்கள் சாப்பிடும் இடத்திலும் பேசும் இடத்திலும் இருப்பதை எடுத்துவிடுங்கள். பை சோதனையை நிறுத்துங்கள். நிறுத்தும்போது கூட்டம் போட்டுப் பெரிதாக அறிவிக்க வேண்டாம். ‘இனி ஸ்டாக் எண்ணுவது போதும்’ என்று ஒரே வாக்கியம் போதும்.

அதன்பிறகு ஒரு நோட்டு வாங்குங்கள். 11 பேரில், நீங்கள் நம்பத் தயங்குகிற ஆனால் காரணம் சொல்லத் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கிடங்கின் ஒரு பகுதிச் சாவியை மூன்று மாதம் அவரிடம் கொடுங்கள். போனால் தாங்கிக்கொள்ளக்கூடிய அளவு பொருள் உள்ள பகுதியாக இருக்கட்டும். கொடுப்பதற்கு முந்தின நாள் ராத்திரி, என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதைத் தேதி போட்டு எழுதிவிடுங்கள். நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். முக்கியமாக, எதுவும் நடக்காத நாளையும் எழுதுங்கள். ‘இன்று எல்லாம் சரியாக இருந்தது’ என்பதும் ஒரு செய்தி. 12 வருடமாக நீங்கள் எழுதாமல் விட்ட பக்கம் அது. ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: பணத்தை வேண்டுமென்றே வைத்துவிட்டு மறைந்திருந்து பார்ப்பது. அது தெரியவரும் நாளில் மிச்சமிருப்பதும் போய்விடும். தெரியவராமலும் இருக்காது.

அந்த மூன்று மாதத்தில் ஒருவர் உங்களை ஏமாற்றவும் கூடும். நடந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. அப்போது ‘மனுஷனே இப்படித்தான்’ என்று எழுதாமல், அவர் பெயரையும் அவர் செய்ததையும் மட்டும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே மற்ற பத்துப் பேரின் பெயர்களையும் எழுதுங்கள்.

மகள் விஷயம் இதைவிட அவசரம். மூன்று மாதம் காத்திருக்க நேரமில்லை. இரண்டாவது கணக்கைப் பற்றி அவளிடம் பேச வேண்டும்தான். அதில் யாரோடு பேசுகிறாள், யாராவது அவளைப் பயமுறுத்துகிறார்களா என்று அப்பாவாகக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ராத்திரி கைபேசியை வாங்குவதை நிறுத்துங்கள். அவள் உண்மையாக இருந்த ராத்திரிகளில் அதனால் அவளுக்கு எந்தப் பலனும் இருக்கவில்லை. உண்மைக்கும் பொய்க்கும் ஒரே சோதனை என்றால், பதினாறு வயதில் பொய்தான் சுலபம். அதற்குப் பதிலாக இருவரும் சேர்ந்து சில விதிகளை எழுதுங்கள். எப்போது, எதற்காக நீங்கள் பார்க்கக் கேட்கலாம் என்பதும் அதில் இருக்கட்டும். அவள் சொல்கிற விதியும் ஒன்று இருக்கட்டும், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் கணக்குப்படி, அந்த நண்பர் போனபோது அவளுக்கு 4 வயது. வீட்டில் ஒரு மாமா வந்துபோய்க்கொண்டிருந்ததும், பிறகு வராமல் போனதும் அவளுக்கு நிழலாக ஞாபகம் இருக்கலாம். ஏன் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தன் அப்பா ஏன் ராத்திரியில் கைநீட்டிக் கைபேசியைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. தான் ஏதோ தப்பானவள், அது அப்பாவின் கண்ணுக்குத் தெரிகிறது என்றுதான் அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். இன்று ராத்திரி அவள் அறைக்குப் போகும்போது கைபேசியைக் கேட்காதீர்கள். உட்கார்ந்து, அந்த நண்பரின் பெயரைச் சொல்லி, சின்ன வயதில் நீங்கள் இருவரும் எப்படி இருந்தீர்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.